குமரி மாவட்டத்தில் இஎம்டி பயிற்சி: எது வேலைக்கு உதவும், எது சுவரில் மாட்ட மட்டும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்த்தாண்டம் மேம்பாலத்தடி வரை பாராமெடிக்கல் படிப்பு விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கும். ‘எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீசியன் (இஎம்டி), ஒரே வருடம், வேலை உறுதி’ என்ற வரி இப்போது அவற்றில் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராகப் போக ஆசைப்படும் பிள்ளைகளும், பணம் புரட்டப்போகும் பெற்றோரும் முன்பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை இங்கே மதிப்பிட்டிருக்கிறோம். ஆம்புலன்ஸ் கதவு திறந்ததும் நோயாளியைப் பொறுப்பேற்கும் கேஷுவாலிட்டி (அவசர சிகிச்சைப் பிரிவு) ஊழியர் என்ன எதிர்பார்ப்பாரோ, அதுதான் எங்கள் அளவுகோல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கைக்காசு செலவில்லாமல், வேலையோடு சேர்ந்து கிடைக்கும் வழி 108 ஆம்புலன்சின் தேர்வும் பயிற்சியும். வாழ்நாள் முழுக்க மதிப்புள்ளது பட்டப்படிப்பு. தனியார் ஓராண்டு டிப்ளமோ பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை. எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் கீழே சொல்லும் சோதனைகளைச் செய்துவிட்டுச் சேரலாம்.

108 சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசு நிதியில், ஈஎம்ஆர்ஐ கிரீன் ஹெல்த் சர்வீசஸ் நிறுவனம் நடத்துகிறது. மருத்துவ உதவியாளர் பணிக்கு வழக்கமாகக் கேட்கும் தகுதி இதுதான்: பி.எஸ்சி. நர்சிங், ஜிஎன்எம், ஏஎன்எம் ஆகிய நர்சிங் படிப்புகள், பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு படித்த டிஎம்எல்டி (லேப் டெக்னீசியன் டிப்ளமோ), டி.பார்ம், பி.பார்ம், அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் போன்ற உயிரியல் சார்ந்த பி.எஸ்சி. வயது 19 முதல் 30. அண்மை அறிவிப்புகளில் மாதச் சம்பளம் 21 ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. பகலும் இரவும் மாறிமாறி 12 மணி நேர ஷிப்ட்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். தனியார் நிறுவனம் தரும் ஓராண்டு ‘இஎம்டி டிப்ளமோ’ இதில் தனித் தகுதியாக இல்லை. விளம்பரத்தில் 108 வண்டியின் படத்தைப் போட்டுச் சேர்க்கை நடத்தும் இடங்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இந்தச் சான்றிதழ் 108 அறிவிப்பில் எந்த வரியில் வருகிறது, காட்டுங்கள்” என்பதுதான். ஏதாவது ஒரு பி.எஸ்சி. விலங்கியல் பட்டதாரி, பட்டத்தோடு கூடுதலாக இந்த டிப்ளமோவும் இருந்தால்தான் 108-இல் எடுப்பார்கள் என்று நினைத்துப் பணம் கட்டினால் அது வீண் செலவு. பட்டமே போதும். அறிவிப்பு ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆள்தேர்வு முகாமின் அறிவிப்பை ஒருமுறை வரிவரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு மூன்று கட்டம்: எழுத்துத் தேர்வு, உடற்கூறியல், முதலுதவி, அடிப்படை நர்சிங் பற்றிய நேர்காணல், பிறகு மனிதவளத் துறை நேர்காணல். கட்டணம் எதுவும் கிடையாது. “உள்ளே ஆள் இருக்கிறார்” என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்குக் கையோடு எடுத்துப் போக வேண்டும். மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, கல்லூரியில் இன்னும் பட்டச் சான்றிதழ் வாங்காமல் வந்து நிற்பவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இருப்பார்கள். ஓட்டுநர் பணிக்குத் தகுதி வேறு. அங்கே ஓட்டுநரை ‘பைலட்’ என்பார்கள், பத்தாம் வகுப்பும் உரிமமும் பேட்ஜும் கேட்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேர்வானவர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என மூன்று இடங்களிலுமாக 50 நாள் பயிற்சி. இது போதுமா? நாளுக்கு 7 மணி நேரம் என்று வைத்தால் 350 மணி நேரம் வருகிறது. அமெரிக்காவில் அடிப்படை நிலை இஎம்டி வகுப்பு பெரும்பாலும் 120 முதல் 200 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதன்பின் அங்கே இஎம்டிகளுக்குச் சான்றளிக்கும் நேஷனல் ரெஜிஸ்ட்ரி நடத்தும் கணினித் தேர்வு, 70 முதல் 120 கேள்விகள், 2 மணி நேரம். தேறியவரும் 2 ஆண்டுக்கு ஒருமுறை 40 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் நம் பயிற்சி குறைந்ததில்லை. ஆனால் அங்கே அந்த நிலையில் இருப்பவர் பொதுவாக ஐவி (நரம்பு வழி ஊசி) போடுவதில்லை. இங்கே, கட்டுப்பாட்டு மையத்து மருத்துவர் போனில் சொல்லச் சொல்ல, ஐவி போடுவதிலிருந்து ஓடும் வண்டியில் பிரசவம் பார்ப்பது வரை ஒரே ஆள் செய்கிறார்.

அதனால் எங்கள் மதிப்பீடு ஆளுக்கு ஆள் மாறும். ஜிஎன்எம் முடித்தவருக்கு 50 நாள் நல்ல பயிற்சி. நரம்பு தேடி ஊசி போடவும் பிபி பார்க்கவும் ஏற்கெனவே கை பழகியிருக்கும். அவர் மொத்த நேரத்தையும் விபத்து இடத்தில் ஆளை வெளியே எடுப்பது, ஸ்ட்ரெச்சர் கையாள்வது, யாரை முதலில் ஏற்றுவது என்று பிரிப்பது போன்றவற்றில் போடலாம். தாவரவியல் பட்டதாரிக்கு அதே 50 நாளில் இரண்டையும் கற்றாக வேண்டும், மூச்சு முட்டும். அப்படிப்பட்டவர்கள் முகாமுக்கு இரண்டு மாதம் முன்பே வீட்டில் தொடங்கிவிடுவது நல்லது. டிஜிட்டல் கருவியை ஒதுக்கிவிட்டு, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கையால் பிபி பார்க்கப் பழகுங்கள். ஓடும் வண்டியில், தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே ஹாரன் சத்தத்தில், காது கேட்காவிட்டால் நாடியைத் தொட்டு மேல் அளவை மட்டுமாவது எடுக்கத் தெரிய வேண்டும். பிளஸ் டூ உயிரி-விலங்கியல் புத்தகத்தில் இதயம், நுரையீரல், நரம்பு மண்டலம் ஆகிய பாடங்களைத் திரும்பப் படியுங்கள். நேர்காணலுக்கும் அது கைகொடுக்கும்.

இப்போதுதான் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் படிப்பு. மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மருத்துவத் தேர்வுக் குழு கவுன்சலிங் நடத்துகிறது. எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்பது அந்த ஆண்டின் கையேட்டில் இருக்கும். விருப்ப வரிசை நிரப்பும்போது, பக்கத்தில் இருக்கிறது என்பதைவிட எந்த மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் கூட்டம் அதிகம் என்று பாருங்கள். நோயாளி வராத கல்லூரியில் நான்கு ஆண்டு உட்கார்ந்து பயனில்லை.

பட்டத்தை ஏன் வற்புறுத்துகிறோம் என்றால், இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்துவிட்டது. அதன் அட்டவணையில் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட், அதாவது பாராமெடிக், இடம்பெற்றிருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி இணை சுகாதாரப் பணியாளரின் படிப்பு குறைந்தது 2,000 மணி நேரம், 2 முதல் 4 ஆண்டுக்குள். அதற்கு மேல்நிலையான சுகாதாரப் பணியாளருக்குக் குறைந்தது 3,600 மணி நேரம், 3 முதல் 6 ஆண்டு. ஓராண்டுப் படிப்பு இந்தக் கணக்குக்குள் எப்படி வரும் என்பதைச் சேர்க்கை மேசையிலேயே கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் ஓராண்டு அவசர சிகிச்சை டெக்னீசியன் சான்றிதழ் படிப்புக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஆனால் அங்கே கட்டணம் மிகக் குறைவு, பயிற்சி நேராகப் பெரிய கேஷுவாலிட்டியில் நடக்கிறது. குடும்பச் சூழல் நான்கு ஆண்டுக்கு இடம் தராவிட்டால், தனியார் டிப்ளமோவைவிட இதற்கே எங்கள் ஓட்டு.

தனியார் நிறுவனங்களில் இரண்டு வகை. ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சிலின் இஎம்டி பேசிக் பாடத்திட்டத்தை நடத்துபவை ஒன்று. அதன் தகுதிக் குறியீடு எச்எஸ்எஸ்/க்யூ2301. மதிப்பீட்டை வெளியாள் வந்து செய்வார், சான்றிதழைத் திறன் இந்தியா தளத்தில் சரிபார்க்கலாம். இன்னொரு வகை, ஏதோ ஓர் அறக்கட்டளை பெயரில் தானே அச்சடித்துத் தானே கையெழுத்துப் போடும் சான்றிதழ். முன்னதைத் தனியார் மருத்துவமனை ஆம்புலன்ஸ் வேலைக்காக எடுக்கலாம். பின்னதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். எந்த வகையாக இருந்தாலும் அசல் பிளஸ் டூ சான்றிதழை நிறுவனத்தில் ஒப்படைக்காதீர்கள். நடுவில் விலக நினைத்தால், அல்லது 108 முகாம் அறிவிப்பு வந்தால், அதைத் திரும்ப வாங்குவதற்குள் வாய்ப்பு கைநழுவிவிடும்.

சேர்வதற்கு முன் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவி) பழகும் பொம்மை எத்தனை இருக்கிறது? ஒரு பொம்மைக்கு மூன்று மாணவருக்கு மேல் என்றால் கை பழகாது. நெஞ்சை அழுத்திப் பாருங்கள். பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.யைத் தாண்டாமலும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். ஆழம் சரியா என்று சத்தமோ விளக்கோ காட்டாத பொம்மையில் பழகியவர்கள் அநேகமாக மேலோட்டமாகவே அழுத்துவார்கள். ஸ்பிரிங் தளர்ந்த பொம்மை அதைவிட மோசம். லேசாக அழுத்தினாலே உள்ளே போகும். உண்மையான நெஞ்சின் இறுக்கத்தைக் கண்டதும் மாணவன் பயந்து நிறுத்திவிடுவான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பதையும் வகுப்பில் செய்து பழக்குகிறார்களா என்று கேளுங்கள். களைத்த கை ஆழம் குறைவதைத் தானே உணராது.

அடுத்து ஆம்பு பேக், அதாவது மாஸ்க் வைத்துக் கையால் பிழிந்து மூச்சு கொடுக்கும் பை. ஒரு பயிற்சி மையத்தின் தரத்தை இந்த ஒரு பொருளை வைத்தே சொல்லிவிடலாம். பெரியவர்களுக்கான பையின் கொள்ளளவு சுமார் ஒன்றரை லிட்டர். நோயாளிக்குத் தேவை 500 முதல் 600 மில்லி, நெஞ்சு கண்ணுக்குத் தெரிய எழும் அளவு. நாடி இருந்து மூச்சு மட்டும் நின்ற பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு விநாடி நேரம். பதற்றத்தில் பையை முழுசாக, வேகவேகமாகப் பிழிவதுதான் எங்கும் நடக்கும் தவறு. காற்று வயிற்றுக்குள் போய் ஊதும், வாந்தி வரும், வந்தது நுரையீரலுக்குள் இறங்கும். உயிரோடு ஏற்றியவரைக் கெடுத்துக்கொண்டுவந்து இறக்குவது இப்படித்தான். மாஸ்க்கை முகத்தில் அமுக்கக் கூடாது. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மாஸ்க்கைப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைக் கொக்கிபோல் பற்றி முகத்தை மாஸ்க்கை நோக்கித் தூக்க வேண்டும். சொல்லித்தருபவர் பையைப் பார்க்கிறாரா, பொம்மையின் நெஞ்சைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நெஞ்சைப் பார்ப்பவர்தான் வண்டியில் வேலை செய்தவர். குழந்தைக்கும் பச்சிளம் குழந்தைக்கும் தனித்தனி அளவு மாஸ்க் அலமாரியில் இல்லையென்றால் அந்தப் பாடம் அங்கே நடப்பதில்லை என்று பொருள்.

மருத்துவமனை போஸ்டிங் எங்கே என்றும் கேளுங்கள். கேஷுவாலிட்டியிலும் லேபர் ரூமிலும் எத்தனை மணி நேரம், டியூட்டி டாக்டர் கையெழுத்திடும் லாக் புக் உண்டா என்பதே முக்கியம். லாக் புக் இல்லாத இடத்தில் மாணவர்களை ட்ராலி தள்ளவும் லேப் ரிப்போர்ட் வாங்கிவரவும் அனுப்பியே மாதங்கள் ஓடிவிடும்.

எந்தப் பாடத்திட்டமானாலும் அலட்சியமாகத் தாண்டிப் போகும் ஒரு பகுதி ஆக்சிஜன் கணக்கு. குமரியின் மலையோரத்தில் அது உயிர்க்கணக்கு. பி வகை சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். முழுதாக நிரப்பினால் கேஜ் (அழுத்தமானி) 150-ஐ ஒட்டிக் காட்டும், அதாவது 1,500 லிட்டர் ஆக்சிஜன். கேஜ் அளவை 10-ஆல் பெருக்கினால் மீதி இருப்பு. அதில் 150 லிட்டரைக் கையிருப்பாகக் கழித்துவிட வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு காணிப் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து மூச்சுத்திணறலோடு ஒருவரை ஏற்றுகிறோம், பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். கேஜ் 100 காட்டினால் 1,000 கழித்தல் 150, மீதி 850. பதினைந்தால் வகுத்தால் 56 நிமிடம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும் பாதையில் அந்தச் சிலிண்டர் நடுவழியிலேயே தீர்ந்துவிடும். முழுச் சிலிண்டரே சரியாக 90 நிமிடம்தான் தாங்கும். அப்படியானால் கிளம்பும்போதே இரண்டாவது சிலிண்டரின் கேஜையும் பார்த்திருக்க வேண்டும், அல்லது வழியில் குலசேகரத்திலோ தக்கலையிலோ நிறுத்த முடிவெடுக்க வேண்டும். டியூட்டி ஏறும்போது கேஜைப் பார்த்து எழுதும் பழக்கம் இல்லாதவருக்கு இந்த முடிவை எடுக்கவே வராது. பயிற்சி மையத்தில் இந்த வகைக் கணக்கைப் பத்து தடவையாவது போட்டுப் பார்க்க வைக்க வேண்டும்.

பாடத்திட்டம் எல்லா ஊருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. ஆனால் இங்கே வரும் கேஸ்களுக்கு ஏற்ப அழுத்தம் மாற வேண்டும். பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுபவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. விழுந்தவரை அக்கம்பக்கத்தவர் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். முதல் வேலை, அசையவிடாமல் தலையைப் பிடிப்பது. கழுத்துக் காலரைக் கண்ணால் பார்த்து எடுக்கக் கூடாது. தோளின் மேல்விளிம்பிலிருந்து தாடைக் கோடு வரை எத்தனை விரல் என்று அளந்து பொருத்த வேண்டும். பெரிய காலர் கழுத்தைப் பின்னால் வளைக்கும், சின்னது பிடிக்காது. உருட்டித் திருப்பத் தலைக்கு ஒருவர், தோள், இடுப்பு, காலுக்கு மூவர். எண்ணுவது தலையைப் பிடித்திருப்பவர் மட்டும். வண்டியில் வருவது இருவர்தான் என்பதால், மற்ற இருவரை ஊர்க்காரர்களிலிருந்து பிடித்து அரை நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கத் தெரிய வேண்டும். விளவங்கோடு பக்கம் அதை மலையாளம் கலந்து சொன்னால் இன்னும் வேகமாக நடக்கும். ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் இருந்தால் உருட்டும் வேலையே குறையும். மேடுபள்ளமான தோட்டத்தில் அதை இரண்டாகப் பிரித்து இருபுறமும் செருகிப் பழகியிருக்கிறார்களா என்று மாணவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

அதிகாலையில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போகிறவர்களுக்குப் பாம்புக்கடி ஆபத்து அதிகம். இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, கடிபட்ட கை காலை மரத்துண்டு வைத்து அசையாமல் வைத்து விரைவாகக் கொண்டுபோக வேண்டும். இமை தொங்குகிறதா என்று வழியெல்லாம் பார்க்க வேண்டும். தொங்கினால் அடுத்து மூச்சுத் தசை தளரும், ஆம்பு பேக் தயாராக இருக்க வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையில் உள்ள ‘ஹம்ப்-நோஸ்டு பிட் வைப்பர்’ என்ற குழிவிரியனின் நஞ்சுக்கு நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து வேலை செய்யாது என்பதால், பாம்பின் போட்டோ யாரிடமாவது இருந்தால் அதை டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும். பாம்பைப் பிடித்துவரச் சொல்லக் கூடாது. கடலில் மூழ்கியவருக்கு வழக்கமான வரிசை மாறும். மூச்சு கொடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் வேலையைத் தடுத்துவிட வேண்டும்.

சாலை விபத்துகளுக்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை இஎம்டி விளக்கத் தெரிந்திருப்பது அவசியம். 2021 டிசம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும்தான். காசு இல்லை என்று தயங்கி நிற்கும் உறவினருக்கு வண்டியிலேயே இதைச் சொன்னால் பாதிப் பதற்றம் அடங்கும்.

பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் அட்டைக்கு 2 ஆண்டுதான் ஆயுள். எழுத்துத் தேர்வில் 25-க்கு 21 வேண்டும், செயல்முறைத் தேர்வும் உண்டு. வீட்டிலிருந்தே வீடியோ பார்த்துச் சான்றிதழ் என்று வரும் மலிவு விளம்பரங்களை மருத்துவமனைகள் ஏற்பதில்லை. படிப்பின் முதல் ஆண்டிலேயே இதை எடுத்து, வேலை தேடும்போது அட்டை காலாவதியாகிப் போகிறவர்கள் பலர். கடைசி ஆறு மாதத்தில் எடுப்பதே சரி.

வளைகுடா போகும் எண்ணம் உள்ளவர்கள், நம் மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் என்பதால், இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். அங்கே உரிமத்துக்கு முன் டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனம் உங்கள் படிப்பையும் அனுபவத்தையும் அவற்றை வழங்கிய இடத்திலேயே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கும், அதன் பிறகுதான் தேர்வு. பல்கலைக்கழகப் பட்டம் என்றால் பதில் வந்துவிடும். மூன்று ஆண்டில் பெயர்ப் பலகையை மாற்றிக்கொள்ளும் நிறுவனத்தின் டிப்ளமோவுக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது. படிப்பு முடிந்த வாரமே மதிப்பெண் பட்டியல், பாடவாரியான மணி நேர விவரம், போஸ்டிங் சான்று ஆகியவற்றை முத்திரையோடு இரண்டு பிரதி வாங்கி வையுங்கள். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர் மூன்றும் சம்பள ரசீதில் உள்ளபடியே இருக்க வேண்டும். ‘ஆம்புலன்ஸ் அசிஸ்டன்ட்’ என்று ஒன்றிலும் ‘இஎம்டி’ என்று இன்னொன்றிலும் இருந்தால் கோப்பு திரும்பி வரும். அதைத் திருத்த வேலையை விட்ட இடத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.